பெயருக்கு நடுவே

"போன் அடிச்சா வேலை, மெயில் வந்தா மூட்டையைக் கட்டு. அப்படித்தானேடா?" என்றாள் பெத்தன், ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே.

"அதான் வழக்கம். நல்லதை வாயால சொல்வாங்க, கெட்டதை எழுதித் தள்ளிடுவாங்க," என்றான் ருஃபஸ். அவன் கண் அவளுடைய போனை விட்டு அகலவில்லை.

இருவரும் லீட்ஸ் நகரில் ஒன்றாகச் சட்டம் படித்தவர்கள். ஒரே வாடகை வீடு, ஒரே சமையலறை. போன வியாழக்கிழமை இருவரும் ஒரே நிறுவனத்துக்கு, கிரிம்ஷா & டாட் வக்கீல்களிடம், நேர்முகத்துக்குப் போய் வந்தார்கள். இருந்தது ஒரே ஒரு இடம், இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம். கிடைத்தவர் வக்கீல். கிடைக்காதவர் இன்னும் ஒரு வருடம் காபிக் கடையில் பால் நுரைக்க வேண்டியதுதான்.

ருஃபஸ் இதுவரை நாற்பத்தொரு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தவன். வந்த மறுப்புகளை அச்சடித்தால் வீடு முழுக்கச் சுவர்த்தாள் ஒட்டி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் தானம் செய்யலாம். பெத்தன் போட்டது மூன்றே மூன்று. மூன்றுக்கும் நேர்முகம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ருஃபஸின் வயிறு எரிந்த எரிச்சலில், கெட்டில் இல்லாமலே தேநீர் போட்டிருக்கலாம்.

அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? லேப்டாப்பைத் திறந்தபடியே சமையலறை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். அதன் விசைகளில் பாதி, ஜாமில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிறுவனத்தின் பெயரைக்கூட ஒழுங்காக எழுத மாட்டாள்.

"அவங்க வாசல் பலகையில '&' போட்டிருக்கு. நீ 'அண்ட்'னு நீட்டி முழக்கி எழுதறே. இதுக்கே உன்னைக் கழிச்சுக் கட்டிடுவாங்க," என்று அவன் நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

"கட்டட்டும் போடா," என்பாள் அவள். மறுபடியும் 'அண்ட்' என்றே எழுதுவாள்.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. பெத்தனுடைய போன்.

"ஆமாங்க... நான்தான்... ரொம்ப நன்றிங்க," என்று பேசிக்கொண்டே அவள் ஜன்னல் பக்கம் போனாள். ருஃபஸின் போன் ஒரு தடவை டிங் என்றது. 'இம்முறை தகுதி மிக்க பலர் விண்ணப்பித்திருந்தமையால்' என்று தொடங்கியது மெயில். மேற்கொண்டு படிக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே நாற்பது முறை படித்து மனப்பாடமானதுதான்.

"கிடைச்சிருச்சுடா," என்று வந்து உட்கார்ந்தாள் பெத்தன்.

"வாழ்த்துகள்," என்றான். பல்லைக் கடித்த சத்தம் தெரு முனைவரை கேட்டிருக்கும். "என்னதான் சொக்குப்பொடி போட்டே?"

"கேட்டா நம்ப மாட்டே. நேர்முகத்துல உட்கார்ந்ததும் பெரிய பங்குதாரர் என் விண்ணப்பத்தை நீட்டினார். 'ஏன் எங்கள் நிறுவனம்?'னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்குக் கீழ என்ன இருந்துச்சு தெரியுமா? 'பிளென்கின் & ஓக்ஸில் சேர்வதே என் கனவு.'"

ருஃபஸுக்குத் தேநீர் புரையேறியது. "ஐயையோ. பழைய விண்ணப்பத்தை வெட்டி ஒட்டியிருப்பே. வேற கம்பெனி பேர் அப்படியே நின்னிருக்கும். ஊர்ல எல்லாரும் பண்ற தப்புதானே?"

"நானும் செத்தேன்னுதான் நினைச்சேன். ஆனா அவர் முகம் வெளுத்துப்போச்சு. பக்கத்துல இருந்த இன்னொரு பங்குதாரர் அம்மாவோட பிஸ்கட் டீக்குள்ள விழுந்தது. 'இந்தப் பேர் இதுக்குள்ள எப்படி வந்துச்சு? யார் காரணம்?'னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கேட்டாங்க. 'எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்'னேன்."

"அதுக்கு?"

"நாலு விதமா மடக்கிப் பார்த்தாங்க. நான் வாயே திறக்கல. அவங்க ஏன் அப்படிப் பதறினாங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. கிரிம்ஷாவும் பிளென்கினும் ஒண்ணா சேரப்போறாங்களாம். இனிமே பேரே பிளென்கின் & ஓக்ஸ்தானாம். காலையிலதான் வெளியே சொன்னாங்க. நேத்துவரை ஆறே பேருக்குத் தெரிஞ்ச ரகசியமாம். யாரோ எனக்குச் சொல்லியிருக்காங்க, நான் அவங்களைக் காட்டிக் குடுக்கலன்னு நினைச்சுக்கிட்டாங்க. 'ரகசியம் காக்கிற வாய் எங்களுக்கு வேணும்'னு இப்ப போன்ல சொல்றார்."

ருஃபஸ் மேசையைத் தட்டினான். "அநியாயம்டி. அவங்க சேரப்போறது உனக்குத் தெரியவே தெரியாது. தெரியும்னு பொய்தானே சொன்னே?"

"பொய்யே சொல்லலடா. அந்தப் பேர் உள்ள வந்ததுக்கு யார் காரணம்னுதான் கேட்டாங்க. அது எனக்கு நிஜமாவே தெரியும்." பெத்தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை அவன் தட்டில் வைத்தாள். "நடுவுல '&' போட்டிருந்துச்சே. நான் குளிக்கப் போனா இந்த மேசையில மிச்சம் இருக்கற ஆள் யாரு, ருஃபஸ்?"