பதினோராவது தென்னை

“ஒண்ணும் மாறல்லியே மோளே,” என்றார் அப்பா சத்தியதாஸ், நான்காவது தடவையாக.

சோனாவுக்கு அழுகை முட்டியது. தனுவச்சபுரத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதமாக உயிரைக் கொடுத்து அவள் உருவாக்கிய தென்னந்தோப்பு திரையில் நின்றது. முன்னால், பின்னால், மேலே என்று எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். எந்த மரத்தின்மேல் மவுஸை வைத்து அழுத்தினாலும், பச்சை மரங்களுக்கு நடுவே அது மட்டும் சிவப்பாகித் தனித்துத் தெரியும். இதைப் பார்த்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்துக் கம்பெனிக்காரர்கள் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்கள்.

அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. நீ என்னதான் படித்தாய் என்று என் கண்ணால் பார்க்கிறேன், எனக்கு விளங்கினால் போகலாம் என்று சொல்லிவிட்டார். ரயில்வே கேட்டில் இரண்டு மணி டூட்டிக்குப் போகிற வழியில், காக்கிச் சட்டையும் தோள்பையுமாக வந்து உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்குப் பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

சோனா பதினோராவது தென்னையை அழுத்தினாள். எந்த மரம் மாறியது என்று கேட்டாள். அவர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து, வெகுநேரம் யோசித்து, ஓரத்தில் சும்மா நின்ற ஒன்றைக் காட்டினார்.

சென்டர் நடத்தும் ஷிஜு தன் பங்குக்கு மானிட்டரைத் துடைத்துவிட்டான். அவனுக்கு ஐந்தடி தள்ளி நின்றே பளிச்சென்று தெரிந்தது. அதைச் சொல்லவும் பயந்து, துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

சோனாவுக்குப் புரிந்துவிட்டது. அனுப்பக் கூடாது என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். பழுத்த தக்காளி வாங்கிவரச் சொன்னால் பாதிக்குப் பாதி காயைப் பொறுக்கிவந்து, சோனாவின் ஏச்சையும் அசையாமல் வாங்கிக்கொள்கிற மனிதர். அவரிடம் யார் பேசி ஜெயிப்பது? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“விட மனசில்லேண்ணா இல்லேண்ணு சொல்லுங்கப்பா,” என்றாள். “கண்ணு தெரியாத மாதிரி நடிக்கண்டாம்.”

சத்தியதாஸ் டீ வாங்கிவரும்படி ஷிஜுவை அனுப்பினார். அவன் படி இறங்கும்வரை காத்திருந்து, தோள்பையிலிருந்து சுருட்டிய இரண்டு கொடிகளை எடுத்து அவள் முன்னால் மேசைமேல் வைத்தார்.

“பழைய கொடியில அடையாளத்துக்கு உனக்க அம்மை முடிச்சு போட்டுத் தந்திருந்தா. இது ஸ்டேஷன்ல இப்பம் தந்த புதுசாக்கும்,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “இதுல செவப்பு எது மோளே?”