பதினோரு மணிக்கு மூன்றடி

"நீ தண்ணியைக் கம்ப்யூட்டர்ல பார்த்தே. நான் கம்பத்துல பார்த்தேன். எது நிஜம்?"

பெரியவர் கதவைப் பாதிதான் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. கால்வாயில் நட்ட அளவுக் கம்பத்தைப் பார்த்து, மணிக்கொரு தடவை நீர்மட்டத்தை நோட்டில் எழுதுவது முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்றும் அதிகாரம் குறையவில்லை.

ஆராய்ச்சிக்காரப் பெண் நின்றபடியே மடிக்கணினியைக் காட்டினாள். திரையில் ஒற்றை மேடாக ஓர் அலை நகர்ந்தது.

"தனி அலைங்கய்யா. மதகை ஒரே தூக்காத் தூக்கி இறக்கினா கிளம்பும். ஆழமில்லாத தண்ணியில உடையாம மைல் கணக்காப் போகும். அந்தச் சாவு நடந்த அன்னிக்கு மேல் மதகை அப்படித்தான் தூக்கியிருக்காங்க. பதினோரு மணிக்கு உங்க கம்பத்தடியில அஞ்சேகால் அடி. ஒரு நிமிஷம்தான். குளிச்சிட்டிருந்த பொண்ணை அதுதான் அடிச்சுட்டுப் போயிருக்கு."

"நோட்டுல மூணடி. இடுப்பளவுத் தண்ணியில எவ சாவா? புருஷன்காரன் அமுக்கினான். கோர்ட்டே சொல்லிடுச்சு."

"உங்க நோட்டை நம்பித்தான் சொல்லுச்சு. ஆறு வருஷமா உள்ள இருக்கார். அடுத்த வாரம் கடைசி மேல்முறையீடு."

"கிடக்கட்டும். அங்கேயே சாகட்டும்."

"அடிச்சேறு முன்னாடி போன அலையை ஞாபகம் வெச்சிருக்குங்கய்யா. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுற பின்னச் சமன்பாடு இது. மத்த கம்பங்களோட அளவெல்லாம் அச்சாப் பொருந்துது. உங்களது மட்டும் இடிக்குது."

"சேத்துக்கு ஞாபகமாம்! காலையில மாத்திரை போட்டேனான்னு எனக்கே ஞாபகமில்ல. முழுக் கணக்கு வராம பின்னத்துல இறங்கிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை.

"கம்பத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் எழுதினீங்களா, ஐயா?"

"ஏம்மா, வீடு தேடி வந்து என்னையே திருடன்கிறியா? ஒவ்வொரு மணிக்கும் கம்பத்தடியில நின்னு, கண்ணால பார்த்து எழுதினது. ஒரு வரி பொய்யா இருந்தாலும் என்னைத் தூக்கி உள்ள போடு!"

அவள் பையிலிருந்து அந்த நாளின் பக்கத்தை நகலாக எடுத்து நீட்டினாள்.

"பதினோரு மணிக்குக் கீழ படிங்க."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். "பன்னெண்டு, மூணடி. ஒண்ணு, மூணடி. ரெண்டு, மூணடி. மூணு, மூணடி. நாலு..."

தாளைக் கீழே இறக்கினார்.

"அந்த நாலு மணிக்கு," என்றாள் அவள், "நீங்க ஆஸ்பத்திரிப் பிணவறையில, உங்க மகளோட உடம்பை வாங்கக் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தீங்க."