மோப்பக்காரரின் முதுகு

"முதுகுல ஒரு மச்சம் டாக்டர். நீச்சலுக்குப் போனா பாக்குறவங்க முகம் சுளிக்கிறாங்க. எடுத்துடலாமா?"

"தாராளமா எடுக்கலாம். ஆனா அழகுக்காக எடுத்தா இன்சூரன்ஸ்ல வராது. கைக்காசுதான் போடணும்" என்றார் அந்தப் பெண் தோல் மருத்துவர். அறைச் சுவர் முழுக்கப் பளபளக்கும் கன்னங்களின் படங்கள். பரு போக, தழும்பு போக, பத்து வயது குறைய என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு விலை போட்டிருந்தது.

"எழுதுற மாதிரி எழுதினா இன்சூரன்ஸ்லயே வரும்னு சொன்னாங்களே..." வந்தவர் குரலைத் தாழ்த்தி இழுத்தார்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் சொன்னாங்க?"

"நாலு பேர் பேசிக்கிறதுதான் டாக்டர்."

"சட்டையைக் கழட்டுங்க. முதல்ல பாப்போம்."

வந்தவர் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருந்தால் அந்தம்மா முகத்தில் ஈயாடியிருக்காது. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி. அழகுச் சிகிச்சைக்கு நோய் என்று பேர் வைத்துக் கம்பெனியில் பணம் கறக்கிற டாக்டர்களைப் பிடிப்பதுதான் உத்தியோகம். ஆபீசில் அவருக்கு மோப்பக்காரர் என்று பேர். கட்டிய மனைவி தலைவலி என்று படுத்தாலும் ஸ்கேன் எங்கே என்று கேட்கிற ரகம்.

இந்தக் கிளினிக் மேல் அவருக்கு வெகு நாளாகவே ஒரு கண். இங்கே மட்டும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் இதை இழுத்து மூடிவிடலாம், விசாரணைப் பிரிவுக்கே தலைவராகிவிடலாம். சட்டையைக் கழற்றி, பையில் குத்தியிருந்த பேனா மருத்துவரைப் பார்க்கும்படி நாற்காலி முதுகில் மாட்டினார். அந்தப் பேனாவுக்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு லென்ஸால் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"பொறந்ததுல இருந்து."

"அரிக்குதா? சட்டையில ரத்தம் கித்தம் ஒட்டுதா?"

"அரிக்கணும்னா அரிக்குதுன்னே போட்டுக்குங்க டாக்டர்." மோப்பக்காரர் தலையைத் திருப்பிக் கண்ணடித்தார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "இது இன்சூரன்ஸ்ல வரும். இதை அழகுக்குன்னு விட முடியாது. புற்றுநோயா இருக்கலாம். இந்த வாரமே வெட்டியெடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க."

அடடா, என்ன நடிப்பு! மோப்பக்காரரும் தன் பங்குக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சீட்டை வாங்கினார். வெளியே வந்து படியிறங்கும்போது சீட்டியடித்தார்.

மறுநாள் காலை மேலாளர் அறையில் படம் ஓடி முடிந்தது.

"பாத்தீங்களா சார்? நான் தூண்டிலைப் போட்டு முடிக்கல, லபக்குன்னு புற்றுநோய்! கல்லு மாதிரி இருக்கேன், எனக்குப் போய்!"

மேலாளர் தாடையைத் தடவினார். "நல்ல பேரு எடுத்த டாக்டராச்சேய்யா?"

"இவங்க ஒருத்தரா? இந்த மாசம் மூணு கிளினிக் ஏறி இறங்கிட்டேன். மூணு இடத்துலயும் அதே பாட்டு. எல்லாரும் கூட்டுக் களவாணிங்க சார்."

"அவங்களுக்குள்ள பழக்கம் இருக்கா?"

"பழக்கமே இல்லாத மாதிரி இருக்காங்க. அதுலதான் எனக்குச் சந்தேகமே!"

கதவைத் தள்ளிக்கொண்டு கம்பெனி டாக்டர் உள்ளே வந்தார். பாலிசி எடுத்தவர்களிடமிருந்து பணம் கேட்டு எந்தக் கோரிக்கை வந்தாலும் 'அழகுக்காக' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். தீக்காயத் தழும்பையே அப்படித் தள்ளிய புண்ணியவான். மோப்பக்காரர் இந்த உலகத்தில் நம்புகிற ஒரே டாக்டர் அவர்தான்.

"வாங்க டாக்டர். உங்க வாயால ஒரு வார்த்தை போதும். வெறும் மச்சம்னு சொல்லிட்டீங்கன்னா மூணு பேர் கடையையும் மூடிடலாம்." சொல்லிக்கொண்டே மோப்பக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நின்றார்.

கம்பெனி டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"காலம் எப்படிக் கெட்டுப்போச்சு பாருங்க டாக்டர்" என்று மோப்பக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "வருஷக்கணக்கா இதே மச்சத்தைக் காட்டித்தான் ஒவ்வொருத்தரையா சோதிக்கிறேன். போன வருஷம் வரைக்கும் போன இடத்துல எல்லாம், 'இது ஒண்ணுமில்ல, வேணும்னா காசைக் கட்டி எடுத்துக்குங்க'ன்னுதான் சொன்னாங்க. இந்த வருஷம் பாருங்க, அத்தனை பேரும் திருடனா மாறிட்டாங்க!"

பின்னாலிருந்து யாரோ சட்டையை எடுத்து அவர் தோளில் மெதுவாகப் போர்த்தினார்கள்.

"மூணு பேரும் சொன்னது சரிதான். வாங்க, இப்பவே போவோம், நானே கூட வர்றேன்" என்றார், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோரிக்கையைக்கூட ஒரே பார்வையில் ஒப்புக்கொள்ளாத அந்த டாக்டர்.