டேப்பட் சத்தம்

"வண்டியில பழையபடி சத்தம் வரணும். கெடுத்துக் குடுங்க."

மெக்கானிக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. நேற்று ஆயில் மாற்ற வந்த வண்டிக்கு, யாரும் கேட்காமலே நாலு சிலிண்டருக்கும் வால்வைத் தட்டித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியை அளந்து வைத்துக் கொடுத்திருந்தார். தண்ணீரே ஊற்றாமல் காற்றிலேயே ஆறும் அந்தக் காலத்துக் கார் எஞ்சின். வருஷக்கணக்காக டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, இப்போது வாயே திறப்பதில்லை. நன்றி வரும் என்று பார்த்தால் புகார் வந்து நிற்கிறது.

"சார் ஏதாவது சொன்னாராம்மா? ரெண்டாவது கியரை நறநறன்னு போட்டு என் உயிரை எடுக்கிற மனுஷன், இந்தச் சத்தம் போனதுக்கா கோவிச்சுக்கிட்டார்?"

"அவர் போய் எட்டு மாசம் ஆச்சு அண்ணே."

எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

வேலை விஷயமாகப் போன ஊரில் மாரடைப்பு. எல்லாவற்றையும் அங்கேயே முடித்துவிட்டு, அவருடைய ஒரு பையோடு திரும்பி வந்தாள். அந்த வாரம்தான் மாமனாருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. இப்போதைக்குச் சொல்லாதீர்கள் என்றார் டாக்டர். அப்புறம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எட்டு மாசமா எப்படிம்மா மறைக்க முடியுது?"

"அப்பாவுக்கும் புள்ளைக்கும் நாலு வருஷமாப் பேச்சு கிடையாது. மாமாவுக்குக் கண்ணும் தெரியாது. என் வீட்டுக்காரர் வருவார், வண்டியை நிறுத்துவார், வெளிப்படி ஏறி மாடிக்குப் போயிடுவார். மாமாவுக்குப் புள்ளைன்னா இந்த டிக் டிக்தான். இப்ப நான்தான் காலையில வண்டியைக் கொண்டுபோய்த் தெருமுனையில விடுறேன். சாயங்காலம் ஆறரைக்கு ஓட்டிட்டு வரேன்."

"நேத்து?"

"சத்தமே இல்லாம வந்து நின்னேன். மாமா சாப்பிடல. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. 'சத்தம் வரலையே, சத்தம் வரலையே'ன்னு அதையே சொல்லிட்டிருந்தார். இன்னைக்கும் இப்படின்னா உண்மையைச் சொல்லியாகணும். சொன்னா அவர் தாங்கமாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "வீட்ல இருக்கிறதே நாங்க ரெண்டு பேர்தான்" என்றாள்.

மெக்கானிக் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தார். கொதித்தது. "சூட்டுல தொடக்கூடாதும்மா. ஆறட்டும், நாலு மணிக்கு வாங்க" என்றார்.

அவள் போகவில்லை. பட்டறை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடியே நாலு மணி வரை உட்கார்ந்திருந்தாள். அவருக்குத்தான் அந்தப் பக்கம் திரும்பவே சங்கடமாக இருந்தது.

எஞ்சின் ஆறியதும் மூடியைக் கழற்றினார். பிழைப்பில் முதல் தடவையாக, இடைவெளியைத் தெரிந்தே தாராளமாக விட்டு நட்டை இறுக்கினார். வண்டியைக் கிளப்பியதும் டிக் டிக் என்றது. தான் செய்த வேலையைத் தானே கெடுத்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"வால்வு போயிடாதே?"

"சத்தம் போடுற வால்வுக்கு ஆபத்தில்லம்மா. இறுகிப்போய் மூச்சுக் காட்டாம இருக்கு பாருங்க, அதுதான் ஒருநாள் எரிஞ்சு போகும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு.

ரோட்டிலும் அந்தச் சத்தம் நிலைக்கிறதா என்று பார்க்க அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவள் ஓட்டினாள். ரெண்டாவது கியர் விழுந்ததே தெரியவில்லை.

"நல்லா ஓட்டுறீங்கம்மா."

"மாமா கத்துக் குடுத்தது. நாப்பது வருஷம் பஸ் ஓட்டினவர்."

ஆறரைக்கு வண்டி வாசலில் நின்றது. ஜன்னலோரத்தில் பெரியவர் தெருப்பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவள் பின் சீட்டிலிருந்து கணவனின் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளிப்படியில் தொம் தொம்மென்று ஏறி மாடிக்குப் போனாள். பெண்பிள்ளையின் காலுக்கு அது ஒவ்வொரு படியிலும் கழன்று கழன்று விழப் பார்த்தது. மெக்கானிக்கால் கிளம்ப முடியவில்லை. மூச்சு விடாமல் ஜன்னலுக்கு இந்தப் பக்கமே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வெறுங்காலோடு உள்படி வழியாக இறங்கி வந்தாள்.

"அவர் வந்துட்டார் மாமா. சாப்பிடலாமா?"

பெரியவர் தலையாட்டினார். காற்றில் துழாவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதை விடவே இல்லை.

"டேப்பட் சத்தம் சரியா இருக்கும்மா, ஷூ சத்தமும் சரி. ரெண்டாவது கியரை மட்டும் அவன் போட்ட மாதிரி நறநறன்னு போடு."