நாளைக்குக் காலை நூறு பந்து

அயோவாவின் ஞாயிற்றுக்கிழமை வெயில் உடைமாற்றும் அறையின் சின்ன ஜன்னல் வழியே தரையில் நீளமாகக் கிடக்கிறது. தொடர்ந்து ஐந்தாவது பேஸ்பால் ஆட்டத்தையும் கோட்டைவிட்ட, பந்து வீசும் பிட்சர் வெஸ்லி, தோளில் கட்டிய ஐஸ் சொட்டச் சொட்ட நிருபர்கள் முன் நிற்கிறான். "கர்டிஸ் சரியாத்தான் சைகை காட்டுனான். என் கைதான் சொதப்பிருச்சு. அப்படியே எழுதுங்க." கடைசிப் பந்தை எப்படி வீசுவதென்று உண்மையில் தப்பாகச் சைகை காட்டிய கேட்சர் கர்டிஸ், மூலையில் கால் பேடைக்கூட அவிழ்க்காமல் குனிந்திருக்கிறான். வெஸ்லியை அணியிலிருந்து நீக்கும் கடிதம் மேனேஜர் மேசையில் காத்திருப்பதும் கர்டிஸுக்குத் தெரியும். நிருபர்கள் கலைந்ததும் வெஸ்லி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பந்தின் தையலில் விரல்களை மாற்றி வைத்துக் காட்டுகிறான். "கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன்டா. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வர்றியா? நூறு பந்து போடணும்." பேடின் வாரோடு மல்லுக்கட்டியபடி கர்டிஸ் நிமிராமலே சொல்கிறான்: "ஏழுக்கே வந்துடுறேன்டா."