நாமினி கட்டம்

டோக்கன் நாற்பத்தொன்று. இப்போது முப்பத்தெட்டுதான்.

காப்பீட்டு அலுவலக நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் மனைவியின் இறப்புச் சான்றிதழ்.

ஏழு வாரங்கள்.

பணத்துக்காக வரவில்லை. "பாலிசியில நாமினி பேரெல்லாம் போட்டாச்சு" என்று அவள் எப்போதோ சொன்னாள். பத்திரம் வீட்டில் கிடைக்கவில்லை. எண் மட்டும் அவள் டைரியில் இருந்தது.

பேர் எழுதியிருக்கிறாள். அதைப் பார்க்க வேண்டும்.

அவள் தாவரவியல் ஆசிரியை. மொட்டை மாடி விரிசலில் முளைத்த குப்பைமேனியைக்கூட லத்தீன் பெயர் சொல்லித்தான் பிடுங்குவாள்.

அவன் பெயரை மட்டும் சொன்னதில்லை.

அது அவள் அப்பாவின் பெயரும்கூட. "எங்கப்பாவையே பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்குமே" என்று கல்யாணமான புதிதில் சிரித்தாள். கோபம் வந்தால் "யோவ்". வராவிட்டால் "என்னங்க".

நான்கு வருடமும் அப்படியே. மருத்துவமனையிலும்.

"என்னங்க, தண்ணி."

நேற்று அவளுடைய லத்தீன் அகராதியைப் புரட்டினான். நாமினி என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடினான்.

நோமென். பெயர்.

நோமினாரே. பெயர் சொல்லி அழைப்பது.

அப்படியென்றால் நாமினி, பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்.

பக்கத்தின் முனையை மடித்து வைத்தான்.

நாற்பத்தொன்று.

கவுன்ட்டரில் இருந்த பெண்மணி கோப்பைப் பிரித்து, விண்ணப்பத்தை அவன் பக்கம் திருப்பினார். நீல மை. மனைவியின் சாய்ந்த கையெழுத்து.

நாமினி: கதிரேசன்.

கடைசிப் புள்ளியைச் சிறு வட்டமாகப் போட்டிருந்தாள். எந்தப் புள்ளியையும் அவள் அப்படித்தான் போடுவாள்.

இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை உதடுகள் அசைந்தன.

"பேர் சரிதானே சார்? ஆதார் குடுங்க."

கொடுத்தான். பெண்மணி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேனா முனை அடுத்த கட்டத்தில் நின்றது.

"உறவு, தந்தைன்னு இருக்கே சார். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த பாலிசி. அப்புறம் மாத்தவே இல்ல போல. உங்க மாமனாரைத்தான் வரச் சொல்லணும்."

தலையாட்டினான்.

எழுந்திருக்கவில்லை.

"இந்தப் பக்கம் மட்டும் ஒரு ஜெராக்ஸ் கிடைக்குமா மேடம்?"

"அவரே வந்து வாங்கிக்கட்டுமே சார்."

"எனக்கு."

பெண்மணி அவன் முகத்தைப் பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் போனார்.

தாள் இன்னும் சூடாக இருந்தது. வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

உறவு என்ற கட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான்.