நாற்பது எழுத்து

நான் எழுதும் அறிக்கை எதுவானாலும், பக்கத்து மேசை அக்கா தன் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுவார். நீள நீளமான வரிகள் எல்லாம் நாற்பது நாற்பது எழுத்தாக உடைந்து, அடுத்தடுத்த வரிகளாக மடிந்துவிடும். அப்புறம்தான் மேலாளருக்குப் போகும்.

"என்னக்கா, அறிக்கையைக் கவிதையாக்குறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அலுவலகமே சிரித்தது.

"இருந்துட்டுப் போகட்டும், விடுப்பா."

மறுநாளும் மடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வேலையில்லாமல் என் வேலையில் மூக்கை நுழைக்கிறார் என்று மேலாளருக்கே நேரடியாக மெயில் அனுப்பினேன்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார். அவர் திரையில் என் புகார் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் விரல் தடிமன். வரிக்கு நாற்பதுதான்.

"கண்ணு மங்கிட்டே வருது தம்பி. இவ்வளவு பெருசா வச்சாத்தான் தெரியுது. நீள வரின்னா திரைக்கு வெளிய ஓடிடும். இது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். எந்த மெயில் வந்தாலும் அவங்க மடிச்சுத் தந்துதான் படிக்கிறேன்."

தலைகுனிந்தபடி என் இடத்துக்கு வந்தேன். அக்கா திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த புகாரையாவது நீயே மடிச்சு அனுப்புப்பா. என்னைப் பத்தினதை நானே மடிக்கக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."